பொன்னாடை வேண்டாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதும்

கேள்வி: எனக்கு 31 வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. பாளையங்கோட்டையில் படித்து, இப்போது செங்கோட்டைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். அலுவலகக் கம்ப்யூட்டரில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ, கையில் ஆண்ட்ராய்டு போன். என்னைப் போலக் கம்ப்யூட்டர் பழகுகிற பார்வையற்றவர்கள் தென்காசி, கடையநல்லூர் வரை ஐந்து பேர் இருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூரில் நான்கு பேர். சந்தேகம் வந்தால் போனில் கேட்டுக்கொள்வோம். போன வருஷம் எல்லாரும் நேரில் கூடலாம் என்று ஏற்பாடு செய்தேன். கடைசியில் அது மண்டபம், மைக்செட், ஒரு பிரமுகர், பொன்னாடை, வேட்டி சேலை, பிரியாணிப் பொட்டலம் என்று முடிந்தது. 60 பேர் வந்தார்கள், ஒரு லேப்டாப்பைக்கூட யாரும் திறக்கவில்லை. மறுபடி எப்படி ஆரம்பிப்பது? பாதிப் பேருக்குத் தமிழ், பாதிப் பேருக்கு மலையாளம். இதை எப்படிச் சமாளிப்பது?

— செங்கோட்டை வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை ஸ்கிரீன் ரீடர் வாசிக்கக் கேட்டுக்கொண்டு வந்தவன், பிரியாணிப் பொட்டலத்தில் சிரித்துவிட்டேன். எனக்கும் பார்வை கிடையாது. நாகர்கோவிலில் இருபது வருஷமாகப் பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைப்பு. அந்தப் பொன்னாடை எனக்கும் ஏழெட்டு முறை விழுந்திருக்கிறது. போர்த்துகிறவர் யார், கேமரா எந்தப் பக்கம் ஒன்றும் தெரியாமல் நிற்போம். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள். கைதட்டல் கேட்கும். அதோடு வீட்டுக்கு வந்துவிடலாம்.

உங்கள் மேல் தப்பொன்றும் இல்லை. மண்டபம் பிடித்தால் அதை நிரப்ப ஆள் வேண்டும், ஆள் சேர்ந்தால் மைக் வேண்டும், மைக் வந்துவிட்டால் பேச ஒருவர் வேண்டும், பேசினவருக்குப் பொன்னாடை வேண்டும். ஒன்று ஒன்றை இழுத்துக்கொண்டு வரும். ஆகவே இந்த முறை மண்டபத்தில் ஆரம்பிக்காதீர்கள். உங்களோடு சேர்த்துப் பத்துப் பேரில் ஆறு பேர் வந்தால் தாராளம். ஒரு நீள மேசை, ஆறு நாற்காலி, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இரண்டரை மணி நேரம். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை எதுவும் வேண்டாம்.

ஆறு பேர் என்று குறைத்துச் சொல்வதற்கு இன்னொரு காரணம் சத்தம். பார்வையுள்ளவர்கள் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் இந்தப் பிரச்சினையே கிடையாது, அதனால் யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள். நான் நடத்திய முதல் கூட்டம் தகரக் கூரை போட்ட ஒரு பள்ளி அறையில். ஐப்பசி மாதம், மேலே மழை. உள்ளே பதினொரு லேப்டாப், பதினொன்றும் என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் அதே தகர டப்பாக் குரலில் ஒரே நேரத்தில் பேசுகின்றன. மூலையில் இருந்த ஒருவர் பேச்சை நிறுத்துவதற்காகக் கண்ட்ரோல் கீயை அழுத்துகிறார், நிற்கவில்லை. மறுபடி அழுத்துகிறார், நிற்கவில்லை. பத்து நிமிஷம் தன் கீபோர்டு கெட்டுவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தார். அவருடைய லேப்டாப் எப்போதோ நின்றுவிட்டது. பேசிக்கொண்டிருந்தது பக்கத்து ஆளுடையது. அன்றைக்கு யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, தலைவலி மட்டும் மிச்சம்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எல்லாரும் இயர்போன், அதுவும் ஒரு காதில் மட்டும். மறு காது மேசைக்கு. ஒருவர் எல்லாருக்கும் ஏதாவது காட்டும்போது அவருடைய லேப்டாப் மட்டும் ஸ்பீக்கரில் பேசும். மற்றவர்கள் இன்சர்ட்டையும் எஸ்ஸையும் அழுத்தித் தங்கள் என்விடிஏவின் வாயை மூடிவிட வேண்டும். இரண்டு பேர் ஒரே லேப்டாப்பைக் கேட்க வேண்டியிருந்தால், ஒரு ஓட்டையில் இரண்டு இயர்போன் மாட்டுகிற பிரிப்பு ஒயர் செல்போன் கடைகளில் கிடைக்கும், நான்கைந்து வாங்கிப் பையில் போட்டுவையுங்கள். காட்டுகிறவர் பேச்சு வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் அலுவலகத்தில் வைத்திருக்கும் வேகம் புதிதாக வருகிறவருக்குக் கொசு கத்துவது போலத்தான் கேட்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் காதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தகரக் கூரை வேண்டவே வேண்டாம், உங்கள் பக்கம் ஆனி ஆடியில் சாரல் பிடித்தால் விடாது. மேலே வெறும் காங்கிரீட், கீழே வெறும் தரை, சுவரில் ஒன்றுமில்லாத பெரிய அறை என்றால் எதிரொலி வரும். போய் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். புத்தக அலமாரிகள் நிறைந்த கிளை நூலகத்தின் அறை எனக்குத் தெரிந்து நல்ல இடம், சத்தத்தைப் புத்தகங்கள் குடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது பள்ளியின் கம்ப்யூட்டர் அறை கிடைத்தாலும் சரி.

எந்த அறையானாலும் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் இருக்கட்டும். ஊருக்கு வெளியே இலவசமாக ஏசி ஹால் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அங்கே போக ஆட்டோ வேண்டும், ஆட்டோ என்றால் துணைக்கு ஆள் வேண்டும், பத்தில் மூன்று பேர் அதிலேயே நின்றுவிடுவார்கள். உங்கள் ஊருக்கு அந்த ரயில் பாதை பெரிய கொடுப்பினை. 1904-இல் மீட்டர்கேஜில் ஓட ஆரம்பித்தது, அகலப்பாதையாக்கும் வேலைக்காக எத்தனையோ வருஷம் மூடிக்கிடந்து 2018-இல் முழுசாகத் திறந்தார்கள். புனலூரில் ஏறுகிறவர் எடமண், ஒற்றக்கல், தென்மலை, கழுதுருட்டி, எடப்பாளையம், ஆரியங்காவு என்று எண்ணிக்கொண்டு வரலாம். எண்ணத் தவறினாலும் ஆரியங்காவு தாண்டி அந்த நீளக் குகைக்குள் ரயில் நுழைந்ததும் சத்தம் மாறிவிடும், காதே சொல்லிவிடும். குகை முடிந்தால் பகவதிபுரம், அடுத்தது செங்கோட்டை. முழுப் பார்வையிழப்பு உள்ளவருக்கு இரண்டாம் வகுப்பில் 75 சதவீதச் சலுகை உண்டு, துணைக்கு வருகிற ஒருவருக்கும் அதே சலுகை. அதற்குரிய அட்டையை எடுத்து வரச் சொல்லுங்கள். கூட்ட நேரத்தை ரயிலை வைத்து முடிவு செய்யுங்கள், ராகுகாலத்தை வைத்து வேண்டாம்.

ஸ்டேஷனிலிருந்து அறைக்கு வருகிற வழியை நீங்களே ஒரு நாள் வெண்கோலோடு நடந்து பார்த்து எழுதிவிடுங்கள். கூகுள் மேப் இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்: "ஸ்டேஷன் வாசலில் நான்கு படி. இறங்கியதும் இடதுகைப் பக்கம் சுவர், அதை விடாமல் வாருங்கள். சுவர் முடிகிற இடத்தில் டீக்கடை, ஸ்டவ் சத்தம் கேட்கும். அதைத் தாண்டி ஓடைமேல் போட்ட சிலாப் காலுக்கடியில் ஆடும், பயப்பட வேண்டாம். சிலாபிலிருந்து முப்பது தப்படி, வலதுபக்கம் இரும்புக் கேட்." வாகனங்கள் எந்தப் பக்கமிருந்து வரும், எங்கே பைக் நிறுத்தி நடைபாதையை அடைத்திருப்பார்கள் என்பதையும் சேருங்கள். பிளாட்பாரத்தில் கூட்டிக்கொண்டு வர ஒருவரை நிறுத்துங்கள். ஆனால் "நான் தனியாகவே வந்துவிடுவேன்" என்கிறவரை வற்புறுத்தாதீர்கள். பத்து நிமிஷம் பிந்தி வந்தாலும் அவர் நடந்து வந்த கதையிலிருந்து அந்த வழிக்குறிப்பில் இரண்டு திருத்தம் கிடைக்கும்.

அறைக்குள் அதிக வேலையில்லை. கதவை முழுதாகத் திறந்துவையுங்கள் அல்லது முழுதாகச் சாத்துங்கள். பாதி திறந்த கதவின் விளிம்பு நெற்றியில் வாங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒயர்கள் சுவரை ஒட்டிப் போகட்டும், நடக்கிற வழியில் குறுக்கே வர வேண்டியிருந்தால் அகல டேப் ஒட்டிவிடுங்கள். எல்லாரும் உட்கார்ந்ததும் வரிசையாகப் பெயர் சொல்லுங்கள். குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மேசையின் படம் அப்போதுதான் மனதில் விழும். யாராவது எழுந்து வெளியே போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், காலி நாற்காலியோடு ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

அழைப்பு விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷ அழைப்பிதழை நீங்கள் எனக்கு அனுப்பவில்லை, ஆனாலும் அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லட்டுமா? பிரமுகர் படம் போட்ட ஒரு போஸ்டர், வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கும். ஆண்ட்ராய்டு போனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக் அதைத் தொட்டதும் "படம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பார்வையற்றோர் நிகழ்ச்சிக்கே பார்வையற்றவர் படிக்க முடியாத அழைப்பு! இன்னொரு வகையும் உண்டு. ஒருமுறை ஒரு நண்பர் வேர்டில் அடித்த அழைப்பிதழை மெயிலில் அனுப்பினார். திறந்தால் "எம், கே, செமிகோலன், கே, ஹெச்" என்று என்விடிஏ ஒப்பிக்கிறது. கொஞ்ச நேரம் குழம்பிவிட்டுப் பிறகுதான் புரிந்தது: பாமினி எழுத்துருவில் "அம்மா" என்று அடித்தால் உள்ளே இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஸ்கிரீன் ரீடருக்கு உள்ளே இருப்பதுதான் தெரியும். அந்த அழைப்பிதழ் முழுக்க அப்படித்தான் இருந்தது, தேதியைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை.

ஆகவே வெறும் யூனிகோடு எழுத்தில் ஒரு செய்தி, பத்து வரிக்குள். அதோடு ஒரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ், தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. புனலூர்க்காரர் ஒருவரையே மலையாளத்தில் பேசச் சொல்லுங்கள், நீங்கள் தமிழை நினைத்துக்கொண்டு மலையாளம் பேச வேண்டாம்.

மொழியைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிற அளவுக்கு நான் கவலைப்பட மாட்டேன். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர். கல்யாணம், காரியம், சந்தை என்று இரண்டு பக்கமும் இன்றைக்கும் போய்வருகிறார்கள். பேச்சில் சிக்கல் வராது. கம்ப்யூட்டரில் இன்னும் சுலபம், டேப் கீ எந்த மொழிக்காரருக்கும் டேப் கீதான். ஈஸ்பீக்குக்குத் தமிழும் வரும், மலையாளமும் வரும். என்விடிஏவின் பேச்சு அமைப்புகளில் மொழிக்கேற்பத் தானாக மாறுகிற வசதியைப் போட்டுவிட்டால், மொழி சரியாகக் குறிக்கப்பட்ட பக்கத்தில் தமிழ் வந்தால் தமிழிலும் மலையாளம் வந்தால் மலையாளத்திலும் வாசிக்கும். பிரெயில் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சௌகரியம். பாரதி பிரெயிலில் இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே அடிப்படை என்பதால் 'க' என்றால் தமிழிலும் மலையாளத்திலும் 1, 3 புள்ளிகள்தான். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே அட்டையைத் தடவி ஓரளவு உச்சரித்துவிடலாம். மேசையில் ஜோடி போடும்போது மட்டும், முதல் முறை வருகிறவர் பக்கத்தில் அவர் மொழிக்காரரையே உட்கார வையுங்கள். பயத்தோடு இருக்கிறவர் தாய்மொழியில்தான் சந்தேகம் கேட்பார்.

சரி, இரண்டரை மணி நேரம் என்ன செய்வது? பாடத்திட்டம் போடாதீர்கள். "இன்று எம்எஸ் எக்செல், அடுத்த மாதம் பவர்பாயின்ட்" என்று ஆரம்பித்தால் அது வகுப்பாகிவிடும், நீங்கள் வாத்தியார் ஆகிவிடுவீர்கள், மூன்றாவது மாதம் உங்களுக்கே அலுக்கும். ஒவ்வொருவரும் அந்த மாதம் தன்னைப் படுத்திய ஒரே ஒரு பிரச்சினையைக் கொண்டுவரட்டும். படத்தில் உள்ள எழுத்தைப் படித்து அடிக்கச் சொல்லும் கேப்சா, ஓடிபி முடிவதற்குள் அடிக்க முடியாதது, பெயரில்லாத பட்டன், ஸ்கேன் பண்ணிப் போட்ட அரசாணை, எதுவானாலும். ஸ்கேன் அரசாணைக்கு என்னிடம் உள்ள வழி: கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸாகத் திறந்தால் தமிழ் எழுத்து ஓரளவு தேறிவிடும், அட்டவணைகள் மட்டும் கலைந்துபோகும். உங்களில் யாராவது இதைவிட நல்ல வழி வைத்திருக்கலாம். அதற்குத்தானே கூடுகிறீர்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் மேசைக்கு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர், சர்க்கரை நோயால் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் பார்வை போனவர். ஆயுள் சான்று சம்பந்தமாக ஏதோ ஒரு படிவம். அவருடைய புகார்: "பெயர் கட்டத்துக்கு வந்துவிட்டேன், என்விடிஏவும் எடிட் என்று சொல்கிறது. பெயரை அடித்தால் பெயர் விழவில்லை, பக்கம் பூரா எங்கெங்கோ ஓடுகிறது." அவர் மகன் இரண்டு கீபோர்டு மாற்றிப் பார்த்துவிட்டாராம். உங்களுக்கு இதைக் கேட்டதும் விடை தெரிந்திருக்கும். என்விடிஏ படிக்கிற நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் எச் அடித்தால் அடுத்த தலைப்புக்குப் போகும், பி அடித்தால் பட்டனுக்கு, கே அடித்தால் இணைப்புக்கு. அவர் தன் பெயரை அடிக்க அடிக்க ஒவ்வொரு எழுத்தும் அவரைத் தூக்கி ஒவ்வோர் இடத்தில் போட்டிருக்கிறது.

என் கையை அவர் கீபோர்டில் வைக்கவில்லை. "கட்டத்தில் நின்று என்டர் அடியுங்கள், ஒரு சின்னச் சத்தம் கேட்கிறதா?" என்றேன். கேட்கிறது என்றார். நான் சொன்னேன்: "அது வராமல் எழுத்து அடிக்காதீர்கள். வெளியே வர எஸ்கேப், அப்போது வேறு சத்தம் வரும்." அந்த இரண்டு சத்தத்தையும் மாற்றி மாற்றி ஒரு கால் மணி நேரம் வைத்து விளையாடினார். தபால்பெட்டியின் மூடி திறந்து மூடுவது போல இருக்கிறதாம். பிறகு பெயரை அடித்தார். அந்தப் படிவத்தை அன்று முடிக்கவில்லை, முகவரி வரைதான் வந்தது. ஆனால் அடுத்த மாதம் புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இதே பாடத்தை அவரே எடுத்தார், தபால்பெட்டி உட்பட.

இந்த மாதிரித் தீர்வுகளை அங்கேயே எழுதிவையுங்கள். எந்தப் பக்கம், என்ன நடந்தது, எந்த கீ, எத்தனை முறை. கூட்டம் முடிந்ததும் குழுவில் எழுத்தாகப் போடுங்கள். "இங்கே கிளிக் செய்யவும்" என்ற வாக்கியம் அதில் ஓரிடத்திலும் வரக்கூடாது.

பார்வை பிந்திப் போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பிறவியிலேயே அப்படி, பள்ளியில் பிரெயில் படித்தவர், உங்களுக்குக் காதும் விரலும் பழகிவிட்டன. அவர்களுக்கு இரண்டும் புதிது. அவர்களை முதல் நாளே படிவத்துக்கு இழுத்துப் போகாதீர்கள். எஃப்பிலும் ஜேயிலும் இருக்கிற சின்ன மேட்டைத் தடவிப் பார்க்கட்டும். இன்சர்ட்டும் 1-உம் அழுத்தினால் எந்த கீயைத் தொட்டாலும் என்விடிஏ அதன் பெயரை மட்டும் சொல்லும், எதுவும் கெடாது. அதில் ஒரு கூட்டம் முழுக்கப் போகட்டும். லேசான பார்வை மிச்சம் இருப்பவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்வார்கள், காட்டுங்கள். கேட்பதற்கு அவர்களே மாறும் நாள் வரும், நாம் அவசரப்படுத்தினால் கோபம்தான் வரும்.

வங்கி ஆப் பிரச்சினை கண்டிப்பாக வரும், அதில் ஒரு எச்சரிக்கை. ஸ்கிரீன் ரீடர் எதையும் வாய்விட்டுச் சொல்லும் என்பதை மறந்துவிடாதீர்கள். வங்கி வேலை என்றால் இயர்போன் கட்டாயம். என்விடிஏவில் திரையை இருட்டாக்குகிற ஸ்கிரீன் கர்ட்டன் வசதி இருக்கிறது, டாக்பேக்கிலும் திரையை மறைக்கலாம். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதில்லையா. இருப்புத் தொகையை அடுத்தவர் திரையில் பார்த்துவிட்டு "அடேங்கப்பா" என்று சொன்னது எங்கள் மேசையில் நடந்த ஒரே சண்டை.

கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) போன்றவற்றை நம்மால் மேசையில் தீர்க்க முடியாது. அதற்குப் புகார்தான் வழி. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்புச் சொல்லி, இந்தக் கேஒய்சி முறைகளை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி மாற்ற உத்தரவிட்டது. வழக்கில் வந்த பிரச்சினைகளில் இந்தக் கண் சிமிட்டலும் ஒன்று. உங்கள் கூட்டத்தில் மூன்று பேருக்கு ஒரே ஆப்பில் ஒரே இடத்தில் சிக்கினால், அன்றைக்கே அங்கேயே மூவரும் சேர்ந்து, எந்தத் திரை, எந்தப் பட்டன், ஸ்கிரீன் ரீடர் என்ன சொன்னது என்று குறிப்பிட்டு எழுதி அனுப்புங்கள். "உங்கள் ஆப் சரியில்லை" என்று ஒரு வரி எழுதினால் ஒன்றும் நடக்காது.

என்விடிஏ நல்லதா, காசு கொடுத்து வாங்கும் ஸ்கிரீன் ரீடரான ஜாஸ் நல்லதா என்ற விவாதத்தை முதல் மூன்று மாதம் தடைசெய்யுங்கள். ஆண்ட்ராய்டா ஐபோனா என்பதையும். அது ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். புதிதாக வருகிறவரிடம் ஜாஸ் வாங்கக் காசு இருக்காது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பார்வையற்ற இளைஞர் ஆரம்பித்த என்விடிஏ இன்றைக்கும் இலவசம்தான். அதை நிறுவாமலே ஓடுகிற பதிப்பாக ஒரு பென்டிரைவில் போட்டுவைத்துக்கொண்டால் யாருடைய விண்டோஸ் லேப்டாப்பானாலும் செருகி ஆரம்பித்துவிடலாம். அவ்வளவுதான் விவாதம்.

துணைக்கு வருகிறவர்கள் விஷயம்தான் கொஞ்சம் நுணுக்கமானது. அம்மா வருவார், அண்ணன் வருவார், மனைவி வருவார். பாசமானவர்கள்தான். ஆனால் "உங்களுக்கு எந்தப் பிரச்சினை?" என்று நாம் மகளைக் கேட்டால் அம்மா பதில் சொல்வார். மகள் டேப் கீயைத் தேடிக்கொண்டிருக்கும்போது அண்ணன் கை நீண்டு மவுஸைப் பிடித்துவிடும். "அங்கே இருக்கு பாரு" என்பார், எங்கே? நான் செய்வது, பக்கத்து அறையிலோ வராந்தாவிலோ துணைக்கு வந்தவர்களுக்கென்று பெஞ்ச் போட்டு, அவர்களுக்கு முதலில் டீ கொடுத்துவிடுவேன். அங்கே அவர்களுக்குள் பேச நிறைய இருக்கும். சலுகைப் பாஸ், உதவித்தொகை, யார் வீட்டில் கல்யாணம் என்று அவர்கள் கூட்டம் தனியாக நடக்கும். கடைசிப் பத்து நிமிஷம் உள்ளே கூப்பிட்டு, பிள்ளை தானாகச் செய்ததைப் பிள்ளையே காட்டட்டும். ஒரு அம்மா அன்றைக்கு "இனிமேல் நான் ஸ்டேஷன் வரைக்கும் மட்டும் வரேன்" என்றார், எனக்கு அது ஏழெட்டுப் பொன்னாடைக்குச் சமம். பெண்கள் வர வேண்டுமானால் நாலு மணிக்குள் முடித்துவிடுங்கள். இருட்டு நமக்கு ஒன்றுதான், வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அப்படியில்லை.

பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவர் போதும், மிஞ்சினால் இரண்டு பேர். கல்லூரி மாணவர்கள் சான்றிதழுக்காக வருவார்கள், வரட்டும், அதில் தப்பில்லை. மூன்று விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள்: நம் கையைப் பிடித்து இழுக்காமல் தங்கள் முழங்கையைக் கொடுக்க வேண்டும், கேட்காமல் கீபோர்டைத் தொடக்கூடாது, கேட்காமல் போட்டோ எடுக்கக்கூடாது. மற்றபடி கேப்சா படத்தைப் படிக்க, ஸ்கிரீன் ரீடரே நின்றுபோனால் திரையில் என்ன இருக்கிறது என்று சொல்ல, அவர்கள் கண் ரொம்ப உதவும்.

காசு அதிகம் ஆகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பென்டிரைவ், பிரிப்பு ஒயர், டீ. தலைக்கு ஐம்பது ரூபாய் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாதவரிடம் கேட்க வேண்டாம். டீ டம்ளரை வைக்கிறவர் "வலது கைக்கு நேரே, லேப்டாப்பைத் தாண்டி வைத்திருக்கிறேன்" என்று சொல்லி வைக்கட்டும். வடை எண்ணெய் விரலோடு கீபோர்டைத் தொடுகிறவர்களை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள், அதில் நானும் ஒருவன்.

டிசம்பர் 3-இல் ஆரம்பிக்காதீர்கள். உலக மாற்றுத்திறனாளிகள் நாள் என்று அன்றைக்கு உங்கள் பத்துப் பேரையும் பத்து மேடைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். சாதாரண இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பிடியுங்கள். மழையோ திருவிழாவோ, இரண்டு பேர்தான் வந்தாலும் அந்த ஞாயிறு மாறக்கூடாது. வர முடியாதவருக்கு என்விடிஏவின் 2025.1 பதிப்பு முதல் தொலைவிலிருந்தே இன்னொரு கம்ப்யூட்டரை இயக்குகிற வசதி உள்ளேயே வருகிறது. அதில் மேசையிலிருந்து ஒருவர் அவரோடு உட்காரலாம். மலைப்பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும் என்பதால் முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

முதல் கூட்டத்தில் உங்களால் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்று நிச்சயம் மிஞ்சும். அதை கீ கீயாக எழுதி எனக்கு அனுப்புங்கள், அடுத்த ஞாயிறு நானும் தொலைவிலிருந்து மேசைக்கு வருகிறேன். அப்புறம், போன வருஷத்துப் பொன்னாடை வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்துப் போங்கள். ஜரிகைப் பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் விரித்து அதன்மேல் லேப்டாப்களை வைத்தால், கீபோர்டு தட்டுகிற சத்தம் பாதியாகக் குறையும்.